வயலிலிருந்து வங்கி வரை: சில ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் பொருளும்

ஐதராபாத்திலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் பட்டான்செரு உள்ளது. இப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'செரு', ஏரியைக் குறிக்கும் 'செருவு' என்னும் தெலுங்குச் சொல்லாகும். சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை இன்று பலரும் தொழிற்சாலைகளின் ஊராகவே அறிவர். ஆயினும் ஆலைகளுக்கு அண்மையிலேயே, செம்மண்ணும் கரிசல் மண்ணும் அடுத்தடுத்து அமைந்த பரந்த ஆய்வு வயல்கள் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு 'இக்ரிசாட்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இயங்குகிறது. மழை குறைந்த வெப்ப நிலங்களில் வாழும் உழவர்களுக்காக, சோளம், கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகிய பயிர்களை இந்நிறுவனம் ஆராய்ந்து வருகிறது.

அங்குள்ள விதைக் கருவூலத்தில் 1,20,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் குளிரறைகளில் காக்கப்படுகின்றன. அக்கருவூலத்தை ஆங்கிலத்தில் 'ஜீன் பேங்க்' என்பர். விதையைக் காக்கும் இடமும் வங்கி, பணத்தைக் காக்கும் இடமும் வங்கி! பட்டான்செரு வயலில் விளையும் ஒரு பிடித் துவரை கிடங்குக்குச் சென்று, பின்னர் கடன் பத்திரமாக வங்கிக்கு வரும் வழியில் எத்தனையோ ஆங்கிலச் சொற்களைச் சந்திக்கிறது. அவ்வழியே நாமும் சென்று, அச்சொற்களின் பிறப்பை ஆராய்வோம்.

ஆராயப் புகுமுன் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்வது நலம். சொற்பொருளின் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் தெளிந்த உண்மை. ஒலி ஒத்திருப்பதால் இரு சொற்களை உறவு என்று முடிவு கட்டுவதும், ஒலி வேறுபடுவதால் உறவில்லை என்று தள்ளுவதும் ஒருங்கே தவறாகக்கூடும். இதற்கு வயலிலேயே சான்றுகள் கிடைக்கின்றன.

வயலில்

பருப்பு வகைகளை ஆங்கிலத்தில் 'பல்ஸ்' என்கிறோம். மருத்துவர் நம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கும் நாடித்துடிப்பும் 'பல்ஸ்' தான். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆனால் முன்னது 'புல்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. தானியத்தாலோ பருப்பாலோ ஆன கூழுக்கு உரோமர் வைத்த பெயர் அது. பின்னது அடித்தல், தள்ளுதல் என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து பிறந்தது. கூழும் நாடியும் ஆங்கிலத்தில் வந்து ஒரே உருவம் பெற்றன.

இதைவிடச் சுவையானது 'கிராம்'. கொண்டைக்கடலையை 'பெங்கால் கிராம்' என்றும், துவரையை 'ரெட் கிராம்' என்றும், உளுந்தை 'பிளாக் கிராம்' என்றும், பச்சைப்பயற்றை 'கிரீன் கிராம்' என்றும், கொள்ளை 'ஹார்ஸ் கிராம்' என்றும் இந்திய ஆங்கிலம் வழங்குகிறது. இந்தக் 'கிராம்', மணி அல்லது தானியம் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது. அதன் மூலம் 'கிரானும்' என்னும் இலத்தீன் சொல். 'கிரெயின்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் பிள்ளையே. ஆனால் நகைக்கடைத் தராசில் நிற்கும் 'கிராம்' வேறு. அது 'கிராமா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. எழுத்து என்பது அதன் முதற்பொருள். பின்னர் ஒரு சிறிய எடையையும் குறித்தது. பிரெஞ்சுக்காரர் 1795இல் மெட்ரிக் அளவைகளை வகுத்தபோது அச்சொல்லை எடை அலகின் பெயராக்கினர். எனவே ஒரு கிராம் தங்கத்துக்கு உறவினர் தேடினால், 'கிராமர்' என்னும் இலக்கணமும் 'டெலிகிராம்' என்னும் தந்தியும் முன்வந்து நிற்கும். உளுந்தும் கொள்ளும் வாரா. 'நூறு கிராம் கிரீன் கிராம்' என்று கடையில் கேட்கும்போது, கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தரச் சொல்கிறோம்.

துவரைக்கு மற்றோர் ஆங்கிலப் பெயர் 'பிஜன் பீ'. புறாப் பயறு என்பது இதன் நேர்ப்பொருள். கரிபியன் தீவாகிய பார்படோஸில், 17ஆம் நூற்றாண்டில், இப்பயற்றைப் புறாக்களுக்கு இரையாக இட்டனர். அவ்வழக்கமே பெயருக்குக் காரணமாயிற்று. நம் இலக்கணிகள் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாகப் பிரிப்பர். 'பிஜன் பீ' காரணப்பெயர்தான்; ஆனால் காரணம் ஓரிடத்துக்கே உரியது. இந்தியாவில் தோன்றி, கோடிக்கணக்கானோருக்கு நாள்தோறும் சாம்பாராகவும் பருப்பாகவும் உணவாகும் பயறு, ஒரு தீவில் பறவைத் தீனியாக இருந்ததால் உலக வழக்கில் புறாவின் பெயரைச் சுமக்கிறது. துவர் என்பது செந்நிறத்தையும் குறிக்கும் தமிழ்ச் சொல். 'ரெட் கிராம்' என்ற பெயரிலும் அச்செம்மையே இருக்கிறது. அறிவியற்பெயரில் உள்ள 'கஜானஸ்' என்பதோ, பயறு எனப் பொருள்படும் 'கச்சாங்' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. இப்பயிரின் மரபணுத் தொகுதியை இக்ரிசாட் தலைமையிலான ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்டது. ஒரு செடிக்குள் எழுதப்பட்ட வரலாற்றை அறிவியல் படித்தது போலவே, ஒரு பெயருக்குள் எழுதப்பட்ட வரலாற்றை மொழிநூல் படிக்கிறது.

கொண்டைக்கடலையின் ஆங்கிலப் பெயர் 'சிக் பீ'. கோழிக்குஞ்சைக் குறிக்கும் 'சிக்' இதில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கோழிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இலத்தீனில் கொண்டைக்கடலைக்குக் 'கிகெர்' என்று பெயர். அது பிரெஞ்சு மொழியில் 'சீஷ்' ஆகி, ஆங்கிலத்தில் 'சிச்' என வழங்கி, அறிந்த சொல்லின் சாயலை ஏற்றுச் 'சிக்' ஆயிற்று. உரோம நாட்டின் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் சிசெரோவின் குடிப்பெயரும் இக்கடலையிலிருந்தே பிறந்தது. அவர் முன்னோர் ஒருவரின் மூக்கு நுனியில் கடலையில் உள்ளது போன்ற பிளவு இருந்ததென்று புளூட்டார்க் எழுதியுள்ளார். 'பீ' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் பயற்றின் ஒருமைப் பெயரே 'பீஸ்' என்பதாகும். ஈற்றில் நின்ற ஒலியைப் பன்மை விகுதி எனத் தவறாகக் கருதிய மக்கள், அதனை வெட்டி 'பீ' என்ற புதிய ஒருமையை உண்டாக்கினர். பிழை ஒன்று வழக்காகி, வழக்கு அகராதியில் ஏறிவிட்டது.

பயறுகளைச் சொல்லும்போது கண்ணாடியையும் சொல்ல வேண்டும். கண்ணாடி வில்லையைக் குறிக்கும் 'லென்ஸ்', இலத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். இருபுறமும் குவிந்த வில்லையின் வடிவம் அப்பருப்பை ஒத்திருந்ததால் அப்பெயர் பெற்றது. இதனை நம் இலக்கணம் உவமையாகு பெயர் என வகைப்படுத்தும்.

நிலக்கடலைக்கு வருவோம். 'கிரவுண்ட் நட்' என்பதும் 'நிலக்கடலை' என்பதும் ஏறத்தாழ ஒரே எண்ணத்தில் பிறந்த பெயர்கள். தாவரவியல் நோக்கில் அது 'நட்' எனப்படும் கொட்டை வகை அன்று. துவரையைப் போன்ற பயறு வகையே. 'வேர்க்கடலை' என்கிறோம், ஆனால் அது வேரில் காய்ப்பதும் அன்று. பூ மலர்ந்து கருவுற்றபின், அதன் அடியிலிருந்து விழுது போன்ற காம்பு இறங்கி மண்ணுக்குள் நுழைய, அதன் நுனியில் காய் உருவாகிறது. மணிலாக்கொட்டை என்றும் அது சுருங்கி மல்லாட்டை என்றும் வட தமிழ்நாட்டில் வழங்கும் பெயர், பிலிப்பைன்ஸ் தலைநகராகிய மணிலாவை நினைவூட்டும். பயிரின் தாயகமோ தென் அமெரிக்கா. ஆக, பெயரை மட்டும் நம்பினால் வேரையும் தவறாகக் காட்டுவோம், ஊரையும் தவறாகக் காட்டுவோம்.

இப்பயிரின் அறிவியற்பெயரில் 'ஹைப்போஜியா' என்ற சொல் உள்ளது. 'ஹைப்போ' என்றால் கீழே; 'கையா' என்றால் நிலம்; நிலத்தின் கீழுள்ளது என்பது கிரேக்கப் பொருள். இந்த 'ஹைப்போ'வை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வங்கியில் மீண்டும் சந்திப்போம்.

கிடங்கில்

அறுவடையான துவரை அடுத்துச் செல்லும் இடம் கிடங்கு. ஆங்கிலத்தில் 'கோடவுன்'. இதைக் கேட்பவர் 'கோ' என்றால் போ, 'டவுன்' என்றால் கீழே, ஆகவே கீழே இறங்கிச் செல்லும் நிலவறைக்கு இப்பெயர் வந்தது என எளிதாக விளக்கிவிடலாம். அவ்விளக்கம் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் உண்மையன்று. போர்த்துகீசியர் வாயிலாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் மலாய் மொழியின் 'கடோங்' என்பதிலிருந்து பெறப்பட்டது. அதற்கும் மூலம் தெலுங்கின் 'கிட்டங்கி' அல்லது தமிழின் 'கிடங்கு' ஆகலாம் என்பது அகராதியாளர் கருத்து. சோழமண்டலக் கரை வணிகர்கள் கடல் கடந்து சென்று சரக்கை இறக்கிய இடங்களில் சொல்லையும் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். நாமோ அதே சொல்லை 'குடோன்' என்று திரும்ப வாங்கிக்கொண்டு, வந்திருப்பது நம் வீட்டுப் பிள்ளை என்பதை மறந்துவிட்டோம்.

கிடங்கு இருந்தால் பெருச்சாளியும் இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பாண்டிகூட்'. இது தெலுங்கு நாட்டின் கொடை. 'பந்தி' என்றால் பன்றி, 'கொக்கு' என்றால் எலி. 'பந்திகொக்கு' என்றால் பன்றி எலி. தமிழர் கொக்கு என்னும் பறவையை நினைத்துக் குழம்பலாகாது. ஐரோப்பியர் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது, அங்கே குட்டியைப் பையில் சுமக்கும் ஒரு சிறு விலங்கைக் கண்டு, தோற்ற ஒற்றுமையால் அதற்கும் 'பாண்டிகூட்' எனப் பெயரிட்டனர். அது எலி இனத்தைச் சேர்ந்ததே அன்று. உருவத்தைக் கண்டு உறவை முடிவு செய்யும் பிழை மொழிக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்விலங்கு காட்டுகிறது.

இத்தகைய இந்தியச் சொற்களின் பயணத்தை விரிவாகத் தொகுத்த நூல், 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் ஆகிய இருவர் அதன் ஆசிரியர்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். நூலின் பெயரே ஒரு சொல்லாய்வுப் பாடம்: முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற முழக்கத்தை ஆங்கிலேயச் சிப்பாய்கள் தம் காதுக்கு எட்டியவாறு ஒலித்ததன் விளைவே 'ஹாப்சன் ஜாப்சன்'. ஓலமிட்டு அழும் துயரக் குரல், அறியாதவர் செவியில் வேடிக்கைப் பெயராக மாறிப்போனது.

வங்கியில்

இனி வங்கிக்குள் நுழைவோம். 'கேஷ்' என்னும் சொல் தமிழின் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது எனப் பலர் பெருமையுடன் கூறுவர். இது பாதி உண்மை. ஆங்கிலத்தில் 'கேஷ்' என இரு சொற்கள் உள்ளன. ஒன்று, சிறு நாணயத்தின் பெயர். தமிழின் காசு, போர்த்துகீசியர் வாயில் 'கய்ஷா' ஆகி, ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. அக்கணக்கில் 'பணம்' என்ற சொல் 'ஃபனம்' என எழுதப்பட்டது. 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலையான நாணயமானபின் அவ்வழக்கு மறைந்தது. சீனாவின் துளையிட்ட சிறு செப்புக் காசுகளையும் ஐரோப்பிய வணிகர் 'கேஷ்' என்றே அழைத்தனர்.

மற்றொன்று, இன்று வங்கிச் சாளரத்தில் நாம் வாங்கும் ரொக்கம். இது 'காப்சா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்சு வழியாக வந்தது. அதன் பொருள் பெட்டி. முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், பின்னர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆயிற்று. 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊர் என்ற சொல் ஊராரைக் குறிப்பது போன்ற இடவாகு பெயர் இது. ஆகவே 'கேஷ்' தமிழ்ச் சொல்லா என்று கேட்டால், 'எந்தக் கேஷ்?' என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை.

ஆங்கிலத்துக்கு மட்டுமன்று, தமிழுக்கும் இந்நிலை உண்டு. பணம் போடும் இடம் வங்கி. மணமகள் மேற்கையில் அணியும் அணிகலனும் வங்கி. முன்னது 'பேங்க்' என்னும் அயற்சொல்லைத் தமிழ் தன் ஒலிக்கேற்ப வளைத்துக்கொண்டது. பின்னது பழைய அணியின் பெயர். 'வங்கியை வங்கியில் வைத்தாள்' என்று ஒருவர் எழுதினால் நமக்குக் குழப்பம் இல்லை. மொழிபெயர்ப்புக் கருவிக்குத்தான் குழப்பம்.

'பேங்க்' என்பதன் பிறப்பு பலரும் அறிந்ததே. இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் இட்டு அமர்ந்த பலகைக்கு 'பாங்கா' என்று பெயர். பலகை நிறுவனமானது. ஆற்றங்கரையைக் குறிக்கும் 'பேங்க்' இதனோடு தொடர்பற்றது எனத் தோன்றும். ஆனால் ஆழ்ந்து பார்த்தால், இத்தாலியச் சொல்லும் பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து பெற்ற கடனே. கரையும் பலகையும் அங்கே ஒரு மூதாதையின் வழிவந்தவை. இதுவரை ஒத்த உருவங்கள் நம்மை ஏமாற்றின. இங்கே, ஏமாற்றும் என எண்ணியது உறவாக முடிந்தது.

'செக்' என்னும் காசோலைக்கும் சதுரங்க ஆட்டத்தில் அரசனுக்குச் சொல்லும் 'செக்'குக்கும் உறவு உண்டா? உண்டு. பாரசீகத்தில் அரசன் 'ஷா'. அரசனுக்கு ஆபத்து என்னும் எச்சரிக்கை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செக்' ஆகி, தடுத்தல் என்ற பொருளையும், பின்னர் சரிபார்த்தல் என்ற பொருளையும் பெற்றது. கள்ளக் கையெழுத்தைத் தடுக்கவும் தொகையைச் சரிபார்க்கவும் வைத்துக்கொண்ட அடிக்கட்டையே முதலில் 'செக்'. நாம் காசோலையில் கையெழுத்திடும்போது ஒரு பாரசீக அரசன் அதில் ஒளிந்திருக்கிறான்.

நகைக்கடன் பெறுவோர் அறியும் சொல் 'கேரட்'. இதன் மூலம் 'கெராட்டியோன்' என்னும் கிரேக்கச் சொல். சிறு கொம்பு என்பது பொருள். கொம்பு போல் வளைந்த காயைத் தரும் கேரப் மரத்தின் விதை எடைக்கல்லாகப் பயன்பட்டதால், அப்பெயர் அரபு மொழி வழியாக எடைக்கும் வந்தது. நம் பொற்கொல்லர் குன்றிமணியைத் தராசில் இட்டதும் இதே அறிவால்தான். உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட 'சாலிடஸ்' என்னும் பொற்காசு 24 கெராட்டியோன் எடை கொண்டது. தூய தங்கத்தை 24 பங்காகக் கொள்ளும் கணக்கு இம்மரபில் வந்தது. 22 கேரட் என்றால் 24இல் 22 பங்கு தங்கம். அதாவது ஆயிரத்தில் 916 பங்கு. நகையில் '916' எனப் பொறிப்பதன் பொருள் இதுவே. வைரத்துக்குச் சொல்லும் கேரட்டோ தூய்மையன்று, எடை: ஒரு கேரட் 200 மில்லிகிராம். பெயர் ஒன்று, பிறப்பும் ஒன்று. அளக்கும் பொருள் மட்டும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் நகை வாங்குவோர் நட்டமடைய நேரும்.

கையெழுத்திடுமுன்

இதுவரை கண்டவை அறிவுச் சுவை. இனிக் காண்பவை நம் உடைமையோடு தொடர்புடையவை. கடன் விண்ணப்பத்தில் 'பிளெட்ஜ்', 'ஹைப்பாத்திகேஷன்', 'மார்ட்கேஜ்' என மூன்று சொற்கள் வரும். மூன்றையும் நாம் 'அடமானம்' என்ற ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறோம். மூன்றும் ஈடு வைத்தலே என்றாலும், பொருள் யாரிடம் இருக்கிறது, எவ்வகைப் பொருள் என்பதில் அவை முற்றிலும் வேறு.

'பிளெட்ஜ்' என்பதன் பழைய ஜெர்மானிய மூலத்துக்குப் பொறுப்பேற்றல் என்பது பொருள். இதில் பொருள் கடன் கொடுப்பவர் கைக்குச் செல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனை வரையறுக்கிறது. நகைக்கடன் இவ்வகை. கிடங்கில் வைத்த துவரைக்கு முறையான கிடங்கு ரசீது பெற்று, அதனை ஈடாகக் கொடுத்துக் கடன் வாங்குவதும் இவ்வகையே. பொருளைப் பெற்றுக்கொண்டவர் அதைக் கருத்துடன் காக்கக் கடமைப்பட்டவர். சொல்லின் வேரில் இருந்த பொறுப்பு இன்றும் சட்டத்தில் உயிருடன் இருக்கிறது.

'ஹைப்பாத்திகேஷன்' என்பதில் நிலக்கடலையோடு பார்த்த 'ஹைப்போ' மீண்டும் வருகிறது. கீழே வைத்தல் என்பது கிரேக்கப் பொருள். கருதுகோளைக் குறிக்கும் 'ஹைப்பாத்திசிஸ்' இதன் உடன்பிறப்பு. அது வாதத்துக்கு அடியில் வைப்பது, இது கடனுக்கு அடியில் வைப்பது. இதில் பொருள் நம்மிடமே இருக்கும். அதன்மேல் உரிமைப் பற்று வங்கிக்கு இருக்கும். டிராக்டர், மகிழுந்து, கடைச் சரக்கு ஆகியவற்றுக்கான கடன்கள் பெரும்பாலும் இவ்வகை. நிலத்தின் கீழுள்ள கடலை கண்ணுக்குத் தெரியாதது போல, வாசலில் நிற்கும் வண்டியின் மேலுள்ள இவ்வுரிமையும் கண்ணுக்குத் தெரியாது. 'வண்டி நம் வீட்டில்தானே நிற்கிறது' என்று கடன் முடியுமுன் விற்க முற்படுவோர் சட்டச் சிக்கலில் அகப்படுவது இதனால்தான். பதிவுச் சான்றிதழில் அவ்வுரிமை குறிக்கப்பட்டிருக்கும். கடன் முடிந்தபின் வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அக்குறிப்பை நீக்கச் செய்தால்தான் வண்டி முழுதும் நமதாகும்.

'மார்ட்கேஜ்' பழைய பிரெஞ்சுச் சொல். 'மார்ட்' என்றால் இறந்த. 'கேஜ்' என்றால் ஈடு. இறந்த ஈடு! இப்பெயருக்கு 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் தந்த விளக்கம் புகழ்பெற்றது. கடனைத் தீர்க்காவிட்டால், நிலம் கடன் வாங்கியவருக்கு இறந்ததாகிறது. தீர்த்துவிட்டால், ஈடு கடன் கொடுத்தவருக்கு இறந்ததாகிறது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துகளுக்கே இச்சொல் உரியது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதன் வகைகளைக் கூறுகிறது. வீட்டுக்கடனுக்காக மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைப்பதும் அவ்வகைகளுள் ஒன்று. கடன் தீர்ந்தபின் அந்த ஈடு உண்மையிலேயே இறக்க வேண்டுமாயின், பத்திரங்கள் நம் கைக்கு வரவேண்டும். முழுத் தொகையும் செலுத்திய 30 நாள்களுக்குள் அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்றும், கடன் கொடுத்தவரால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. அது அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சொல்லில் உள்ள 'கேஜ்', கூலியைக் குறிக்கும் 'வேஜ்' என்பதன் உடன்பிறப்பு. ஒரே ஜெர்மானியச் சொல், பிரான்சின் வடபகுதி வழக்கில் வகரமாகவும் நடுப்பகுதி வழக்கில் ககரமாகவும் ஒலித்தது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. 'வாரண்டி', 'கேரண்டி' என்ற இணையும் இவ்வாறே பிறந்தது. பிறப்பால் ஒன்றாயினும் பொறுப்பால் அவை இன்று வேறு. குளிர்பதனப் பெட்டிக்குத் தரும் வாரண்டி, பொருளைப் பற்றிய உறுதிமொழி. வங்கியில் ஒருவருக்காக நாம் தரும் கேரண்டியோ, அவர் கடனுக்கு நாம் ஏற்கும் பிணை. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துப் பிணையாளியின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. 'சும்மா ஒரு கையெழுத்துத்தான்' என்று நண்பரோ உறவினரோ சொல்லும்போது, அச்சொல்லுக்குள் முழுக் கடனும் அடங்கியிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

வயலிலிருந்து வங்கி வரை நாம் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். 'பல்ஸ்', 'கிராம்', 'கேஷ்' ஆகியவை உருவத்தால் ஒன்றாகிப் பிறப்பால் வேறானவை. 'செக்', 'பேங்க்' ஆகியவை வேறெனத் தோன்றி உறவாக முடிந்தவை. 'வாரண்டி', 'கேரண்டி' ஆகியவை உறவாயினும் பொறுப்பில் பிரிந்தவை. எனவே ஒரு சொல்லைச் சந்திக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புவது நன்று: இது எங்கிருந்து வந்தது? இன்று எதைக் குறிக்கிறது? இந்தத் தாளில், இந்த இடத்தில், யாரைக் கட்டுப்படுத்துகிறது? முதல் வினாவுக்கு நல்ல அகராதி விடை தரும். இரண்டாவதற்கு வழக்கு விடை தரும். மூன்றாவதற்கு, விண்ணப்பத்தை நம்மிடம் நீட்டும் வங்கி அலுவலரே விடை சொல்லக் கடமைப்பட்டவர். பொருள் விளங்காத சொல்லை நம் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டா. காசோலையில் உள்ள கையெழுத்து ஒத்திருக்கிறதா என வங்கி எத்துணைக் கருத்துடன் சரிபார்க்கிறதோ, அத்துணைக் கருத்துடன் நாமும் சொல்லைச் சரிபார்த்துவிட்டே கையெழுத்திடுவோம்.